புழுக்கைக்கு ஒரு கட்டம்

போன வாரம் ஜெனிபர் போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு எங்கள் அறக்கட்டளையில் மரம் அளக்கிற வேலைக்கு வந்திருக்கும் பெண். இப்போது அவர்கள் கயிறு பிடிப்பதில்லை. டிரோனை மேலே அனுப்பிப் படம் எடுக்கிறார்கள், மிச்சத்தைக் கைப்பேசியிலேயே நிரப்பிவிடுகிறார்கள். நான் ஒரு நாள் முழுக்க வெயிலில் நின்று எண்ணியதை அவர்கள் டீ ஆறுவதற்குள் எண்ணி முடிக்கிறார்கள். பொறாமையாகத்தான் இருக்கிறது, மறைப்பானேன்.

"சார், ஒரு சந்தேகம்" என்றாள். "பாரத்துல பன்னெண்டாவது கட்டம், 'புழுக்கை: எந்த விலங்கு, எப்படித் தெரியும்?'னு இருக்கு. அத நிரப்பாம அடுத்த பக்கத்துக்கே விடமாட்டேங்குது. வேற எந்தத் திட்டத்துலயும் இப்படி ஒரு கட்டம் கிடையாதாம். யாரு சார் இத வச்சது?"

"வச்சது விஜயா மேடம். வைக்க வச்சது நான்" என்றேன்.

அவள் சிரித்துவிட்டு, "அப்போ ஒன்பதாவது விதி? ஆட்டுக்கிடைக்கு அனுமதின்னு இருக்கே?" என்று கேட்டாள். அதற்கும் நான்தான் காரணம் என்று சொன்னதும், எழுதிக் கொடுத்தே ஆக வேண்டும், புதிதாக வருகிறவர்களுக்குக் காட்ட வேண்டும் என்று பிடித்துக்கொண்டாள். பெருமைப்படும்படியான கதை இல்லை. ஆனாலும் கேட்டவுடன் எழுத உட்கார்ந்துவிட்டேன் என்பதைப் பார்த்தால் எனக்கே இதைச் சொல்ல ஆசை இருந்திருக்கிறது.

என் ஊர் கடையநல்லூர். வாப்பா தறி நெய்தவர். அண்ணன்மார் இருவரும் சவுதிக்குப் போனார்கள், நான் போகவில்லை. தறியை விற்ற பிறகு சங்கரன்கோவிலில் ஒரு நாற்றுப் பண்ணையில் தினக்கூலியாகச் சேர்ந்தேன். பையில் மண் நிரப்பினேன், தண்ணீர் ஊற்றினேன், மழை ஏமாற்றிய வருடங்களில் செத்த கன்றுகளை எண்ணினேன். அங்கேதான் இலையைப் பார்த்து மரத்தின் பெயர் சொல்லக் கற்றேன். பிறகு அறக்கட்டளையில் அளவைப் பணியாளர் வேலை கிடைத்தது. பெயர்தான் பெரியது. கையில் டேப்பும் கயிறும் வைத்துக்கொண்டு முள்ளுக்குள் நடக்க வேண்டும், அவ்வளவுதான். என் மனைவி ரஹ்மத் தன் தங்கைகளிடம், "துபாய்க்கும் போகாம, கடையும் வைக்காம, முள்ளுக்காட்டுல மரம் எண்ணுற ஒரே ஆளு எங்க வீட்டுலதான் இருக்காரு" என்பாள்.

திட்டம் என்னவென்றால், சங்கரன்கோவிலுக்குச் சுற்றிலும் மேய்ச்சலுக்கு மட்டும் கிடக்கிற தரிசு நிலம் ஏராளம். அதில் ஒரு பகுதியை நிலத்துக்காரர் விட்டுக்கொடுக்க வேண்டும். நாங்கள் கன்று நட மாட்டோம். சீமைக்கருவேலத்தை மட்டும் வேரோடு பிடுங்கிவிட்டு, உடை, வெள்வேல், இலந்தை, உசிலை என்று மண்ணில் தானாக வருகிற நாட்டு மரங்களை வளரவிடுவோம். மரம் வளர வளரக் காற்றில் இருக்கிற கரியை உள்ளே இழுத்துக்கொள்ளும். எவ்வளவு இழுத்தது என்று அளந்து கணக்குக் கொடுத்தால், எங்கோ இருக்கிற கம்பெனி அதற்குப் பணம் கொடுக்கும். அதில் பெரும்பங்கு நிலத்துக்காரருக்கு.

இதைப் பனவடலிசத்திரம் பக்கம் ஒரு டீக்கடையில் நான் முதன்முதலாகச் சொன்னபோது எல்லோரும் மரியாதையாகக் கேட்டார்கள். மாடசாமி அண்ணாச்சி மட்டும் கேள்வி கேட்டார். எண்பது செம்மறியும் எட்டு ஏக்கர் தரிசும் வைத்திருந்தவர். அறுவடை முடிந்த வயல்களில் ஆட்டைக் கிடை அடைத்து, உரத்துக்குக் கூலி வாங்கிப் பிழைக்கிறவர்.

"இரும்வே பாய்" என்றார். "காத்தாடிக்காரன் வந்து காத்துக்குக் காசு தாரேன்னான். சரி, காத்தாடி சுத்துது, கரண்டு வருது. நீரு காத்துல இருக்க கரிக்குக் காசு தாரேங்கீரு. அந்தக் கரியை யாரு பாத்தா?"

"பாக்க முடியாது அண்ணாச்சி. மரத்தோட சுத்தளவை வச்சுக் கணக்குப் போடுவோம்."

"கரி மரத்துக்குள்ள இருந்தாக் காசு. அதே மரத்தை மூட்டம் போட்டுக் கரியா எடுத்தாக் காசு கெடையாது."

"ஆமா."

"நல்ல வியாபாரம்தான் போங்க" என்றார். கடையே சிரித்தது. ஆனால் மறுநாள் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டவரும் அவர்தான். கோடையில் தீவனம் இல்லாமல் வருடா வருடம் தாய் ஆடுகளை விற்க வேண்டியிருந்தது அவருக்கு. பங்குப் பணம் வந்தால் அந்த ஆடுகளைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தார். மாடசாமியே போட்டுவிட்டான் என்றதும் இன்னும் பத்துக் குடும்பங்கள் போட்டன. பதினொரு நிலமும் சேர்ந்து ஒரு குழு. ஒரு நிலத்தில் விதி மீறினால் பதினொன்றுக்கும் பணம் நிற்கும். அந்த விதிகளில் முதலாவது, ஆரம்ப வருடங்களில் நிலத்துக்குள் கால்நடை மேயக் கூடாது என்பது. அதைப் பதினொரு வீட்டிலும் வாசித்துக் காட்டியவன் நான்.

இனி விஜயா மேடம். என்னைவிடப் பத்து வயது இளையவர், என் மேலதிகாரி. சேலையோடு ஓட்டக்காரர்கள் போடுகிற ஷூ போட்டுக்கொண்டு, எங்களுக்கு முன்னால் முள்ளுக்குள் இறங்கிவிடுவார். கையில் ஒரு வேப்பங்குச்சி இருக்கும். நெஞ்சு உயரத்தில் வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு வளையம் போட்டது. குச்சியை மரத்தோரம் ஊன்றி, அந்த வளையம் தொடுகிற இடத்தில்தான் சுற்றளவு எடுக்க வேண்டும். அரை விரல்கடை மேலே போனாலும் "இன்னொரு தடவை பார்ப்போம்" என்பார். திட்டவே மாட்டார். அந்த "இன்னொரு தடவை" இருக்கிறதே, அதற்குத் திட்டே தேவலை.

நிலத்தில் குறித்த இடத்தில் ஒரு கம்பி அடித்து, அதில் கயிற்றைக் கட்டி, வட்டமாகச் சுற்றி வர வேண்டும். வட்டத்துக்குள் விழுகிற மரத்தை மட்டும் அளக்க வேண்டும். நெஞ்சு உயரம் வராத கன்றுகளை எண்ணி, ஒவ்வொன்றும் நிற்கிற இடத்தைப் படத்தில் புள்ளி வைத்துக் காட்ட வேண்டும். ஒருமுறை நான் "சுமார் முப்பது" என்று எழுதினேன். மேடம் அந்த "சுமார்" என்ற சொல்லைப் பேனாவால் அடிக்கவில்லை. தாளை என்னிடமே திருப்பிக் கொடுத்து, "இந்தச் சுமார் யாரு? நம்ம ஆபீஸ்ல வேலை பார்க்கிறாரா?" என்று கேட்டார். இருபத்தேழுதான் இருந்தது. பெயர் தெரியாத செடியைப் பார்த்து நான் தயங்கினால், "தெரியாதுன்னு எழுதுங்க. அதுக்கும் சேர்த்துத்தான் சம்பளம்" என்பார். பாரத்தின் கடைசியில் "குறிப்பு" என்று ஒரு வரி உண்டு. நிலத்தில் பார்த்த எதையும் அதில் எழுதாமல் விடக் கூடாது என்பது அவர் கட்டளை. பாம்புச் சட்டையைக்கூட எழுதியிருக்கிறேன்.

அந்த வரிதான் என்னை மாட்டிவிட்டது.

இரண்டாவது வருடம் ஆனி மாதம், காற்று ஆளைத் தூக்குகிற நாட்களில், மாடசாமி அண்ணாச்சியின் நிலத்தை அளக்கப் போனேன். மொட்டையாகக் கிடந்த ஓர் இடத்தில், பாய் விரித்தது போல ஆட்டுப் புழுக்கை. புதிது இல்லை, இரண்டு மாதம் காய்ந்தது. அண்ணாச்சி கூடவே நின்றார், ஆனால் காற்றாலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அண்ணாச்சி, இது என்னது?"

"சித்திரையில ஒருத்தன் வயல்ல கிடை போட வரச்சொன்னான். போனா அறுப்பே முடியல. எம்பது ஆட்டையும் எங்கன கொண்டு அடைக்க? நம்ம நெலந்தானேன்னு நாலு நாள் அடைச்சேன். மொட்டையாக் கெடந்த எடத்துலதான்வே. முளைச்ச எடத்துப் பக்கம் ஒரு ஆடு போகல."

"மேயக் கூடாதுன்னு கையெழுத்துப் போட்டிருக்கீரு."

"மேயல பாய். வலை கட்டி அடைச்ச ஆடு எதை மேயும்? படுத்துத்தான் கெடந்துச்சு."

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. எழுதினால் பதினொரு குடும்பமும் போகும். எழுதாமல் விட்டால் மேடம் வந்து பார்ப்பார். பேனாவைத் திறந்தேன். பிறகு குறிப்பு வரியில் எழுதினேன்: "முயல் புழுக்கை காணப்பட்டது."

மறு வருடமும் அதே ஆனி. அண்ணாச்சி வேறு மொட்டைகளில் கிடை போட்டிருந்தார். நானும் மறுபடி முயல் என்று எழுதினேன். முதல் பொய்க்கு இருந்த உறுத்தல் இரண்டாவதற்கு இல்லை என்பதை வெட்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

ஆனால் அந்த வருடம் ஒன்று கண்ணில் பட்டது. மற்ற பத்து நிலங்களிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் கன்று வந்திருந்தது. மாடசாமியின் நிலத்தில், போன வருடம் கிடை கிடந்த இடங்களில், முழங்கால் உயரத்துக்கு உடையும் வெள்வேலும் நெருக்கமாக நின்றன. என் கயிற்று வட்டம் ஓரிடத்தில் பாதி நிறைந்தும் பாதி வெறுமையாகவும் இருந்தது. நல்லது, மரம் வந்தால் சரி என்று புள்ளிகளை வைத்துவிட்டு வந்தேன்.

நான்காவது வருடம், முதல் பங்குப் பணம் வருவதற்கு முன்னால், சென்னையிலிருந்து ஆய்வாளர் வந்து எல்லாவற்றையும் சரிபார்ப்பதாக இருந்தது. அவர் வருவதற்கு முந்தின நாள் காலை, மேடம் படங்களை மேஜையில் விரித்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"மைதீன் பாய், கன்று எங்கயாவது சதுரமா முளைக்குமா?"

பார்த்தேன். நானே வைத்த புள்ளிகள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சதுரம், கோடு போட்டது போல. கிடை வலை நான்கு மூலைக்கும் கம்பு நட்டுக் கட்டுவது, மறுநாள் பிடுங்கிப் பக்கத்தில் நட்டுக் கட்டுவது. எனக்கு அது தெரியாதா என்ன.

மேடம் ஜீப்பை எடுக்கச் சொன்னார். நிலத்தில் இறங்கி, நேராக அந்த வருடத்துக் கிடை இடத்துக்குப் போய், குனிந்து நாலு புழுக்கையை எடுத்து வெள்ளைத் தாளில் வைத்தார்.

"போன வருஷமும் முயல், அதுக்கு முந்தின வருஷமும் முயல். இவ்வளவு போடணும்னா எத்தனை முயல் வேணும் பாய்?"

தாளை என் பக்கம் நீட்டினார்.

"முயல் போட்டா உருண்டையா, கொஞ்சம் தட்டையா, வைக்கோல் நிறத்துல இருக்கும். அங்க ரெண்டு இங்க ரெண்டா கிடக்கும். இது கறுப்பா, ஒரு முனை கூரா, குவியலா இருக்கு. இருபது வருஷம் நாற்றுப் பண்ணையில இருந்த உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை."

"தெரிஞ்சுதான் எழுதினேன் மேடம்" என்றேன்.

மாடசாமி அண்ணாச்சி ஓடி வந்தார். "தாயி, அவரை ஒண்ணும் சொல்லாதீங்க. தப்பு எம்மேல. என் நெலத்தை மட்டும் எடுத்துருங்க. மத்தவங்க என்ன செஞ்சாங்க? நாளைக்கு நான் ஊருக்குள்ள எப்படி நடப்பேன்?" என்றார். அந்த மனிதர் கெஞ்சி நான் அதுவரை பார்த்ததில்லை.

மேடம் அவரை நிழலில் உட்காரச் சொல்லிவிட்டு, தானும் தரையில் உட்கார்ந்தார். கேள்வி மேல் கேள்வி. கிடை போடுவதற்கு முன்னால் ஆடு எங்கே மேய்ந்தது? குளத்துக்கரை உடைமரங்களுக்குக் கீழே. எத்தனை நாள்? ஐந்தாறு நாள், காய்ந்த காயான நெத்து உதிர்ந்து கிடக்கிற வரைக்கும். அங்கே சீமைக்கருவேலம் உண்டா? கிடையாது. நெத்தின் கொட்டை ஆட்டின் வயிற்றில் செரிக்குமா?

"கொட்டை எங்க செரிக்கும்? ராத்திரி அசைபோடும்போது பாதியைத் துப்பும், மிச்சம் புழுக்கையில வரும். அதான் மழை பெஞ்சா முளைக்குது. இது எல்லாருக்கும் தெரியுமே தாயி."

எல்லோருக்கும் தெரிந்திருந்தது. விதி எழுதியவர்களுக்குத் தெரியவில்லை, வாசித்துக் காட்டிய எனக்குத் தோன்றவில்லை. காடு வர வேண்டும் என்று வேலி போட்டு, விதையைச் சுமந்து வருகிறவனை வெளியே நிறுத்தி வைத்திருந்தோம்.

திரும்பி வரும் வழியில் மேடம் சொன்னார்: "நாளைக்கு ஆய்வாளர்கிட்ட நாமளே சொல்லிடுவோம்."

"மேடம், பதினொரு குடும்பம்..."

"உங்க முயல் வெளிய வந்துச்சுன்னா, நீங்க எழுதின மத்த எந்த நம்பரை யார் நம்புவாங்க? பதினொரு நிலத்தையும் அளந்தது நீங்கதான்."

அந்த வார்த்தை உள்ளே போய்க் குத்தியது. வெயிலில் நின்று நான் எடுத்த ஒவ்வொரு சுற்றளவும் ஒரு முயலால் கெட்டுப்போகும் என்று எனக்கு அதுவரை உறைக்கவில்லை.

ஆய்வாளர் ஆனந்த் என்று ஓர் இளைஞர். நான் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, ஆனால் சிரிக்கவும் இல்லை. "மேய்ச்சல் நிலத்துல சீமைக்கருவேலம் பரவினதே ஆட்டுப் புழுக்கையாலதான். இங்க மட்டும் நாட்டு மரம் வரும்னு எப்படி நம்புறது? சதுரத்துல வந்த சீமைக்கருவேலத்தை நீங்க பிடுங்கிட்டு உடையை மட்டும் விட்டிருக்கலாம். அந்த மொட்டையில விதை முதல்லயே இருந்திருக்கலாம்" என்றார். கேட்டதில் நியாயம் இருந்தது. கடைசியில் ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டம் வடிந்த பிறகு திரும்ப வருவதாகவும், அதற்குள் காட்ட முடிந்ததைக் காட்டும்படியும், காட்டாவிட்டால் மாடசாமியை நீக்கி, குழுவின் பணத்தை நிறுத்திவைக்க எழுத வேண்டியிருக்கும் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

சோதனைக்கு மேடம் வகுத்த முறையைச் சொல்லியாக வேண்டும். மூன்று வரிசைத் தொட்டி. முதல் வரிசையில் மொட்டை இடத்து மண் மட்டும். இரண்டாவதில் அதே மண்ணோடு மாடசாமியின் ஆட்டுப் புழுக்கை. மூன்றாவதில் அதே மண்ணோடு, சீமைக்கருவேலக் காட்டில் மேய்ந்த வேறோர் ஆட்டுக்காரரின் புழுக்கை, ஒப்பிட்டுப் பார்க்க. அண்ணாச்சி சாக்கில் சேர்த்து வைத்திருந்த கடைசி உடை நெத்துகளை ஆடுகளுக்குப் போட்டார். ஐந்து நாள் அவை வேறு எதுவும் தின்னாமல் காவல் இருந்தார். ஆறாம் நாள் நானும் அவரும் குனிந்து குனிந்து பொறுக்கினோம். சட்டைப் பையில் நாலு தங்கிவிட்டது போல. துவைக்க எடுத்த ரஹ்மத் அதைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"சவுதிக்குப் போனவங்க பையில தங்கம் கொண்டாந்தாங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

ராஜபாளையம் ரோட்டில் எங்கள் அலுவலகத்து மொட்டை மாடியில் தொட்டிகளை வைத்தோம். தினமும் காலையில் ஒரே டம்ளரால் ஒரே அளவு தண்ணீர். ஞாயிற்றுக்கிழமையும் கடையநல்லூரிலிருந்து பஸ் ஏறி வந்து ஊற்றினேன். கட்டடத்தின் சொந்தக்காரர் ஏறி வந்து, என்ன செடி வளர்க்கிறீர்கள் என்று ஆசையாகக் கேட்டார். புழுக்கை என்றேன். அவர் அதற்குப் பிறகு மாடிக்கு வரவில்லை.

இரண்டு வாரம் ஒன்றுமே வரவில்லை. மாடசாமி அண்ணாச்சி சந்தைக்கு வரும்போதெல்லாம் மாடிக்கு வந்து தொட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு இறங்கிப் போவார். குழுவில் இருந்த ஒருவர் அவர் வீட்டு முன்னால் நின்று சத்தம் போட்டதாகக் கேள்விப்பட்டேன். தாய் ஆடுகளை விற்க ஆள் பேசியிருக்கிறார் என்றும் கேள்விப்பட்டேன்.

ஆடி பிறந்து இரண்டாம் நாள், இரண்டாவது வரிசையில் பச்சையாக ஒரு கொக்கி. மறுநாள் ஐந்து. அடுத்த நாள் எண்ண ஆரம்பித்துவிட்டேன். மூன்றாவது வரிசையும் முளைத்தது. முதல் வரிசையில் கோரைப்புல் தவிர எதுவும் இல்லை. மேடம் வந்து இரண்டு தடவை எண்ணினார். "முளைச்சிருக்கு. என்னதுன்னு இன்னும் தெரியாது" என்றார். சிறுசில் எல்லாம் ஒன்று போலத்தான் இருக்கும். இலை விரிந்தால்தான் பிடிபடும். உடைக்கும் வெள்வேலுக்கும் பொடிப்பொடியாக இருக்கும், சீமைக்கருவேலத்துக்கு நீளமாக இருக்கும்.

இலை விரிந்தது. ஆய்வாளர் வருவதற்கு முந்தின நாள் அதிகாலையில் நான் தனியாக மாடியில் இருந்தேன். மூன்றாவது வரிசை முழுக்க நீள இலை. இரண்டாவது வரிசையில் பொடி இலை, பொடி இலை, பொடி இலை. ஏழாவது தொட்டியின் ஓரத்தில் ஒன்று மட்டும் நீள இலை.

சீமைக்கருவேலம். எங்கிருந்து வந்ததோ. போகிற வழியில் ஏதோ ஓர் ஆடு வாய் வைத்திருக்கும். இரண்டு விரலால் கிள்ளினால் முடிந்தது. மாடியில் யாரும் இல்லை. விரலை அதன்மேல் வைத்துவிட்டேன், அந்தத் தண்டின் ஈரம் இன்னும் என் விரலில் இருக்கிறது. மாடசாமி அண்ணாச்சியின் முகம் வந்து நின்றது. கூடவே, ஒரு முயலும் வந்து நின்றது.

விரலை எடுத்துக்கொண்டேன். நோட்டைத் திறந்து, "இரண்டாம் வரிசை, ஏழாம் தொட்டி: சீமைக்கருவேலம் ஒன்று" என்று எழுதினேன்.

மறுநாள் ஆனந்த் முழங்காலிட்டு ஒவ்வொரு தொட்டியாகப் பார்த்தார். அண்ணாச்சி மாடிப்படியிலேயே நின்றார், மேலே வரவில்லை. ஏழாவது தொட்டியில் ஆனந்தின் கை நின்றது. நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இதை நீங்க பிடுங்கியிருக்கலாமே?"

"பிடுங்கியிருக்கலாம் சார்."

"ஏன் பிடுங்கல?"

"முளைச்சிருந்துச்சு. எழுதிட்டேன்" என்றேன்.

அவர் அந்த ஒற்றைச் செடியின் இலையை விரலால் விரித்துப் பார்த்தார். "இந்த ஒண்ணு இல்லாம இருந்தா நான் இந்த மாடியை நம்பியிருக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டினார். படியில் நின்ற அண்ணாச்சிக்கு அது கேட்டது. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டே இறங்கிப் போனார். நானும் அழுதேன், எழுதுவதற்கென்ன.

அப்படி வந்ததுதான் ஜெனிபர் கேட்ட ஒன்பதாவது விதி. மொட்டை இடத்தில் மட்டும், பங்குனி, சித்திரையில் மட்டும் கிடை போடலாம். அதற்கு முன் ஐந்து நாளாவது ஆடு நாட்டு மரத்து நெத்து தின்றிருக்க வேண்டும். மழைக்குப் பிறகு சீமைக்கருவேலம் தலைகாட்டினால் பிடுங்க வேண்டும். விதி ஒப்புதலாகிப் பணம் வரத் தாமதமானது, ஆனால் பதினொரு வீட்டுக்கும் வந்தது. மாடசாமி அண்ணாச்சி ஆட்டை விற்கவில்லை. மற்ற பத்துப் பேரும் கிடை போட அவரைத்தான் கூப்பிட்டார்கள், சத்தம் போட்டவரும் சேர்த்து. தன் நிலத்தில் உரம் போட வருகிறவருக்குக் கூலி கொடுக்காமல் இருக்க முடியுமா? அந்த வகையில் அவருக்கு இரட்டை வரும்படி.

எனக்கு என்ன தண்டனை என்று கேட்பீர்கள். மேடம் என்னை வேலையைவிட்டு அனுப்பவில்லை. பாரத்தில் ஒரு கட்டம் சேர்த்தார். ஓய்வு பெறும் நாள்வரை ஒவ்வொரு நிலத்திலும் நான் அதை நிரப்பினேன். "ஆடு. ஒரு முனை கூர்." "ஆடு. குவியல்." "மாடு. சொல்ல வேண்டியதில்லை" என்று ஒருமுறை எழுதி, இன்னொரு தடவை எழுத வைக்கப்பட்டேன். ஊர்க்காரர்கள் எனக்கு முயல் பாய் என்று பெயர் வைத்தார்கள். பஸ்ஸில் கண்டக்டர்கூட, "முயல் பாய், டிக்கெட்" என்பார்.

இவ்வளவையும் எழுதி முடித்து ஜெனிபருக்கு அனுப்பலாம் என்று இருந்தபோது, நேற்று முன்தினம் அவளே ஒரு படம் அனுப்பினாள். "மாடசாமி தாத்தா நிலம் சார். சதுரத்துக்கு உள்ள, இலந்தைப் புதருக்குக் கீழ இருந்துச்சு. மேடத்துக்கு அனுப்பினேன். 'மைதீன் பாயைக் கேளுங்க'ன்னு மட்டும் பதில் போட்டிருக்காங்க" என்றாள். உருண்டையாக, கொஞ்சம் தட்டையாக, வைக்கோல் நிறத்தில், அங்கே இரண்டு இங்கே இரண்டு.

படத்தைப் பார்த்துச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. நேற்றுக் காலை பஸ் ஏறிவிட்டேன். அந்த மொட்டையில் இப்போது ஆள் குனிந்துதான் நுழைய முடியும். முதல் சதுரத்து உடைமரங்கள் என் தலைக்கு மேலே குடை பிடித்து நிற்கின்றன. நானும் மாடசாமி அண்ணாச்சியும் ஜெனிபரும் தவழாத குறையாகப் போனோம். ஒன்றைக் கையில் எடுத்து நசுக்கினேன். உள்ளே அரைத்த புல், காய்ந்து லேசாக இருந்தது. முனை இல்லை. ஆனாலும் வாய் வரவில்லை. இரண்டு தடவை பொய்யாகச் சொன்ன வார்த்தை, மூன்றாவது தடவை அவ்வளவு சுலபமாக வராது.

அண்ணாச்சி கம்பால் இலந்தைப் புதரை ஒரு தட்டுத் தட்டினார். எங்கள் மூன்று பேர் காலுக்கும் நடுவில் புகுந்து, காதை மடக்கிக்கொண்டு, பழுப்பாக ஒன்று அடுத்த சதுரத்துக்குள் பாய்ந்து மறைந்தது.

"இப்பம் எழுதும்வே பாய்" என்றார் அண்ணாச்சி.

ஜெனிபர் கைப்பேசியை என்னிடம் நீட்டினாள். பன்னிரண்டாவது கட்டம் காலியாகக் காத்திருந்தது. எந்த விலங்கு? முயல். எப்படித் தெரியும்? நேரில் பார்த்தேன்.